இரவல் மேடையில் ரசிகர் நாடகம்

மாட்டுங்காவிலும், கரோல்பாகிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கத்திலும் குடியிருக்கும் நம்மவர் இல்லங்களில் இரவுச் சாப்பாடு முடிந்தபின் ஒரு காட்சி வழக்கமாகிவிட்டது. காதுகளை மூடிய கருவியுடன் கம்ப்யூட்டர் முன் அமர்ந்த பிள்ளை, பாதி இந்தியிலும் பாதி ஆங்கிலத்திலும் யாருக்கோ கட்டளையிடுகிறான். கட்டளை பெறுபவன் புனேயில் இருக்கலாம், குவாஹாட்டியில் இருக்கலாம். திரையில் துப்பாக்கி வெடிக்கிறது. "இந்தச் சண்டையில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று பாட்டியார் கேட்கிறார். பிள்ளை பதில் சொல்வதில்லை. ஆட்டம் பாதியில் நிற்கிறதல்லவா!

துப்பாக்கி விளையாட்டு நல்லதா கெட்டதா என்னும் வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது பற்றி நம் பெற்றோர்கள் ஏற்கெனவே நிறையப் பேசியாகிவிட்டது. பிள்ளைகளும் கேட்டுக்கேட்டுப் பழகிவிட்டார்கள். பெரும்பாலோர் அறியாத வேறொரு விஷயத்தையே இங்கே எடுத்துக்கொள்கிறோம். இவ்வகை விளையாட்டுக்களில் உலகெங்கும் பேர்பெற்றதாகிய கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் எந்தக் கம்பெனியின் தொழிற்கூடத்திலும் பிறந்ததன்று. ஊதியம் ஏதும் பெறாத ரசிகர்கள், படிப்புக்கு இடையே கிடைத்த ஓய்வு நேரத்தில், பிறருக்குச் சொந்தமான ஒரு விளையாட்டின்மேல் கட்டியெழுப்பியது அது. அப்படிக் கட்டியவர்களை உடைமைக்காரர் எவ்வாறு நடத்தினார்? பின்னாளில் அதே காரியத்தைச் செய்த வேறு சிலரை வேறோர் உடைமைக்காரர் எவ்வாறு நடத்தினார்? உழைத்தவனுக்கு உரிமை எவ்வளவு என்ற பழைய கேள்விதான் இங்கே புதிய உடையில் வந்து நிற்கிறது.

முதலில், இக்காரியம் நடக்கும் விதத்தைச் சற்று விளக்குவோம்.

நம் சங்கங்களில் நாடகம் போடாத சங்கம் அரிது. மண்டபம் பிறருடையது, மேடை, திரை, விளக்கு எல்லாம் இரவல். நாடகமும் நடிகர்களும் மட்டுமே நம்முடையவை. கம்ப்யூட்டர் விளையாட்டிலும் இவ்விரு பகுதிகள் உண்டு. காட்சியைத் தீட்டுவது, ஒலி எழுப்புவது, பல ஊர்க் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேச வைப்பது ஆகிய வேலைகளைச் செய்வது 'எஞ்சின்' எனப்படும் அடிப்படை மென்பொருள்; இது மண்டபம். யார் யாருடன் மோதுவது, எதனால் வெற்றி, எந்த ஆயுதம் எவ்வளவு வலிது, ஆடுகளத்தில் சுவர் எங்கே, வாசல் எங்கே என்பனவெல்லாம் நாடகம். மண்டபத்தை அப்படியே வைத்துக்கொண்டு நாடகத்தை மாற்றிப் போடுவதற்கு 'மோட்' என்று பெயர். 'மாற்றியமைத்தல்' என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம் அது. மோட் போடுபவர் மண்டபத்தை விற்க முடியாது. அதனை ஆட விரும்புபவர் மூல விளையாட்டை முறைப்படி விலைகொடுத்து வாங்கியிருக்க வேண்டும். மோட் இலவசமாகக் கிடைக்கும்.

ஆடுபவரின் கண்வழியே உலகைக் காட்டும் துப்பாக்கி விளையாட்டுக்களில் இவ்வழக்கத்துக்கு வாசல் திறந்துவிட்டவர்கள் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தைச் சேர்ந்த இட் சாஃப்ட்வேர் என்னும் சிறு குழுவினர். 1993 டிசம்பரில் அவர்கள் வெளியிட்ட டூம் என்னும் விளையாட்டில், ஜான் கார்மாக் என்ற நிபுணர் ஆடுகளம், படம், ஒலி ஆகியவற்றை எஞ்சினிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பாக வைத்தார். அவர்களுடைய முந்திய விளையாட்டை ரசிகர்கள் கஷ்டப்பட்டு உடைத்து மாற்றியிருந்தார்கள். பூட்டை உடைப்பவனைத் துரத்துவதைவிடச் சாவியையே கொடுத்துவிடலாம் என்று கார்மாக் கருதினார் போலும்! 1996இல் வந்த குவேக் இன்னும் ஒருபடி மேலே சென்றது. விளையாட்டின் விதிகளையே திருத்தி எழுத அதில் வழி இருந்தது. அவ்வாண்டே ஆஸ்திரேலியாவில் ராபின் வாக்கர், ஜான் குக், இயன் காஃலி என்ற மூன்று வாலிபர்கள், வைத்தியன், ஒற்றன், பொறியாளன் என்று ஆளுக்கொரு தொழில் வகுத்து, அணியணியாக மோதும் டீம் ஃபோர்ட்ரஸ் என்னும் மோட் ஒன்றை அமைத்தார்கள். இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம், மீண்டும் வரும்.

வால்வ் என்னும் கம்பெனி 1996இல் தோன்றியது. மைக்ரோசாஃப்டில் பணிபுரிந்து வெளிவந்த கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் என்ற இருவர் அதை நிறுவினர். அவர்களுடைய முதல் விளையாட்டாகிய ஹாஃப்-லைஃப் 1998 நவம்பரில் வெளியாயிற்று. அதன் எஞ்சினே குவேக் எஞ்சினை உரிமம் பெற்று வாங்கி, விரிவாக மாற்றிக்கொண்டதுதான். தாமும் ஒரு காலத்தில் பிறர் மண்டபத்தில் நாடகம் தொடங்கியவர்கள் என்பதாலோ என்னவோ, ரசிகர்களிடம் அவர்கள் தாராளமாக நடந்துகொண்டார்கள். ஆடுகளம் அமைக்கும் வேர்ல்ட்கிராஃப்ட் என்னும் கருவியை விளையாட்டுத் தட்டிலேயே சேர்த்துக் கொடுத்தார்கள். 1999இன் முற்பகுதியில் விளையாட்டின் விதிகளைக் கூறும் மென்பொருள் வரிகளையும் வெளியிட்டார்கள். எஞ்சினின் உள்ளம் மட்டும் மூடியிருந்தது. மற்றவை திறந்து கிடந்தன.

அத்திறந்த வாசலுள் நுழைந்தவர்களில் ஒருவர் மின் லே. வியட்நாமில் பிறந்து, கனடாவில் வளர்ந்தவர். குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை. நம் வாசகர்களுக்கு அக்குடும்பத்தின் நிலைமையை நாம் விளக்க வேண்டியதில்லை. பிள்ளை படித்து ஒரு நல்ல வேலையில் அமர வேண்டும் என்ற கவலை எந்த ஊரிலும் ஒன்றுதான். வான்கூவர் நகரத்தை அடுத்த சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் இயல் பயின்றுகொண்டே, அவர் குவேக் விளையாட்டுக்கு ஒரு மோட் அமைத்துக் கை பழகியிருந்தார். ஹாஃப்-லைஃபின் கருவிகள் கைக்கு வந்ததும் புதிய முயற்சி ஒன்றில் இறங்கினார். துப்பாக்கி, மனித உருவம் ஆகியவற்றின் வடிவங்களை வனைந்ததும், விதிகளை எழுதியதும் அவர். அமெரிக்கரான ஜெஸ் கிளிஃப் என்ற மற்றொரு மாணவர் ஒலிகளையும், ரசிகர்களோடு தொடர்பு வைத்திருக்கும் பொறுப்பையும் ஏற்றார். விளையாட்டுக்குள் வானொலிக் கட்டளையாக ஒலிக்கும் குரல் அவருடையதே. 1999 ஜூனில் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கின் முதற் சோதனைப் பதிப்பு வெளியாயிற்று.

ஆட்டத்தின் அமைப்பு எளிது. வன்முறைக் கும்பல் ஒருபுறம், அதை அடக்கும் படை மறுபுறம். பிணைக்கைதிகளை மீட்பது முதற்பதிப்பில் குறிக்கோள். அவ்வாண்டு நவம்பரில் வெடிகுண்டு வைப்பதும் அதைச் செயலிழக்கச் செய்வதும் சேர்ந்தன. அக்காலத்து மற்றத் துப்பாக்கி விளையாட்டுக்களில் சுடப்பட்டவன் மறுகணமே உயிர்பெற்று ஓடிவருவான். இதிலோ, ஒரு சுற்றுக்கு ஒரே உயிர். சடுகுடுவில் தொடப்பட்டவன் கோட்டுக்கு வெளியே போய் உட்காருவதுபோல, வீழ்ந்தவன் அச்சுற்று முடியும்வரை வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேலும், துப்பாக்கியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வென்றால் பணம் மிகுதி, தோற்றால் குறைவு. இந்தச் சுற்றில் செலவழிப்பதா, அடுத்த சுற்றுக்குச் சேமிப்பதா என்று ஐவரும் கலந்து முடிவு செய்ய வேண்டும். கைவேகம் மட்டும் இருந்தால் போதாது. பொறுமையும், கணக்கும், கூட்டாளியின் சொல்லைக் கேட்கும் குணமும் வேண்டும். பாட்டியார் கேட்ட கேள்விக்கு இதுவே விடை என்று நமக்குத் தோன்றுகிறது. பிள்ளை கத்துவது சுடுவதற்காக மட்டுமன்று. பெரும்பாலும் "இம்முறை வாங்காதே, சேமி" என்று கூறுவதற்காகவே.

ஆடுகளங்கள் அமைத்தவர்களும் ரசிகர்களே. அவற்றில் மிகப் பேர்பெற்ற 'டஸ்ட்' என்பதன் கதை சுவையானது. அதை அமைத்த டேவ் ஜான்ஸ்டன் அப்பொழுது இங்கிலாந்தில் பள்ளி மாணவர். மணல்நிறச் சுவர்களும் வளைந்த வாயில்களும் கொண்ட ஒரு பாலைநிலத்து ஊரை அவர் அமைத்தார். அந்த எண்ணம் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? டீம் ஃபோர்ட்ரஸை அமைத்த வாலிபர்களை வால்வ் 1998இலேயே வேலைக்கு அழைத்துக்கொண்டிருந்தது. அவர்கள் தயாரித்து வந்த இரண்டாம் பாகத்தின் மாதிரிப் படங்கள் சில வெளியாகியிருந்தன. அப்படங்களைப் பார்த்து, இன்னும் வெளிவராத விளையாட்டின் சாயலில் இவர் தமது ஆடுகளத்தைக் கட்டிவிட்டார். இரண்டாம் பாகமோ 2007 அக்டோபரில்தான் வெளிவந்தது. அப்பொழுது அதன் தோற்றமே முற்றிலும் மாறிப் போயிருந்தது. நிழலைப் பார்த்து வரைந்தவனின் ஓவியம் நிலைத்தது. நிழல் தந்த மரம் வேறாக வளர்ந்துவிட்டது. 2001இல் ஜான்ஸ்டன் அமைத்த 'டஸ்ட் 2' இன்றுவரை ஆடப்படுகிறது.

சில வாரங்களுக்கொருமுறை புதுப்பதிப்பு வந்தது. ஆடியவர்கள் குறை சொன்னார்கள். மின் லே திருத்தினார். வால்வ் கம்பெனியார் இதைக் கண்டு என்ன செய்தார்கள் என்பதே நம் கதையின் முதல் திருப்பம். "எம் உடைமையில் கைவைத்தது யார்?" என்று அவர்கள் கேட்கவில்லை. உதவிக்கு ஆள் கொடுத்தார்கள். பின்னர் உரிமையை விலைக்கு வாங்கி, அமைத்த இருவருக்கும் வேலையும் கொடுத்தார்கள். 2000 நவம்பரில் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் கடைகளில் தனி விளையாட்டாக விற்பனைக்கு வந்தது. ஹாஃப்-லைஃப் வைத்திருந்தவர்களுக்கு அப்பொழுதும் அது இலவசமே.

இதைத் தருமம் என்று நாம் கூறமாட்டோம். ரசிகர் அமைத்த ஆட்டத்துக்காகவே மூல விளையாட்டை வாங்கியவர் கணக்கற்றோர். 2003இல் வால்வ் தன் ஸ்டீம் என்னும் விற்பனை முறையைத் தொடங்கியபோது, மக்களை அதன்பால் இழுத்துவந்ததில் இவ்விளையாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 2012இலும் 2023இலும் புதிய வடிவங்கள் வந்தன. 2023 மே மாதம் பாரிஸில் நடந்த போட்டியின் பரிசுத் தொகை பன்னிரண்டரை லட்சம் டாலர். 2025இல் ஒரே வேளையில் 18 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஆடிய நாளும் உண்டு. மின் லே சில ஆண்டுகளுக்குப்பின் வால்விலிருந்து விலகி, டாக்டிகல் இன்டர்வென்ஷன் என்ற புதிய விளையாட்டை உருவாக்கினார். 2013இல் வெளிவந்த அது முந்தியதன் புகழை எட்டவில்லை. சந்ததி வளர்ந்து பெரிதாகிவிட்டது. பெற்றவர் ஒதுங்கி நின்று பார்க்கிறார். ஆயினும் விளையாட்டின் வரலாற்றை யார் எழுதினாலும் அவர் பெயரை விடுத்து எழுத முடியாது.

வாசலைத் திறந்து வைப்பதில் உடைமைக்காரருக்குத் தொல்லையும் உண்டு என்பதை மறைத்தல் நியாயமாகாது. 2008 ஜனவரியில் பிரேசில் நாட்டில் நீதிமன்ற ஆணையின்பேரில் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் தடை செய்யப்பட்டது. அப்போது சுட்டிக் காட்டப்பட்டதோ, ரியோ நகரத்துக் குடிசைப் பகுதியைக் களமாகக் கொண்டு யாரோ ஒரு ரசிகர் அமைத்த ஆடுகளம். நாடகம் போட்டவன் ஒருவன்; மண்டபக்காரன் கோர்ட்டுக்கு இழுபட்டான். மறு ஆண்டே தடை நீங்கியது. நம் நாட்டில், 2007இல் மும்பை ஐ.ஐ.டி.யில் விடுதிகளின் இரவுநேர இன்டர்நெட் இணைப்பையே துண்டித்தார்கள். மாணவர்களின் விளையாட்டு மோகமும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. இன்னொன்றையும் பெற்றோருக்குச் சொல்லிவைப்போம். 2013 முதல் இவ்விளையாட்டில் துப்பாக்கிக்கு வர்ணப் பூச்சு தரும் பெட்டிகள் விற்கப்படுகின்றன. சாவியை விலைகொடுத்து வாங்கித் திறக்க வேண்டும். உள்ளே இருப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இது லாட்டரிச் சீட்டின் உறவினர்தான். பிள்ளை கார்டு எண்ணைக் கேட்டால் எதற்கென்று கேளுங்கள்.

இனி இரண்டாவது கதைக்கு வருவோம்.

எல்லா உடைமைக்காரரும் வால்வைப்போல் இருந்ததில்லை. 1997இலேயே, ஏலியன்ஸ் திரைப்படத்தைத் தழுவிக் குவேக்குக்கு மோட் அமைத்த ரசிகர்களுக்கு ஃபாக்ஸ் படக் கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பி வேலையை நிறுத்தியது. இத்தகைய முடிவுக்கு அக்கம்பெனியின் பெயரையே ரசிகர்கள் வினைச்சொல்லாக்கி வழங்கினார்கள். சட்டம் எப்பக்கம் நிற்கிறது என்பதை மறு ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தெளிவாக்கியது. டியூக் நியூக்கம் என்னும் விளையாட்டுக்கு ரசிகர்கள் இலவசமாக அமைத்த 300 ஆடுகளங்களைத் திரட்டி மைக்ரோ ஸ்டார் என்ற கம்பெனி தட்டில் பதித்து விற்றது. மூல விளையாட்டின் கதையைத் தொடர்ந்து எழுதுவதற்கு இது ஒப்பாகும், அந்த உரிமை மூல உடைமைக்காரருடையதே என்று 1998இல் தீர்ப்பாயிற்று. வழக்காடியவர்கள் இரண்டு கம்பெனிகள். இரவு பகலாக அந்த 300 களங்களை அமைத்தவர்கள் வாதியும் அல்லர், பிரதிவாதியும் அல்லர். தீர்ப்பால் அவர்களுக்கு ஒரு காசும் வரவில்லை.

கால் ஆஃப் டியூட்டி என்னும் விளையாட்டு வரிசையை நம் பிள்ளைகள் நன்கறிவார்கள். அதன் உடைமைக்காரர் ஆக்டிவிஷன் கம்பெனி. 2007இல் வந்த மாடர்ன் வார்ஃபேருக்கு ரசிகர்கள் மோட் அமைக்கக் கருவிகள் தரப்பட்டன. தங்கள் செலவில் செர்வர் வைத்துத் தாங்களே ஆட்டம் நடத்தவும் இடமிருந்தது. 2009 நவம்பரில் இரண்டாம் பாகம் வந்தபோது கம்ப்யூட்டர் பதிப்பில் இவ்விரண்டும் நீக்கப்பட்டன. செர்வர் என்பது ஆட்டம் நடத்தும் வீட்டுக்காரர் போன்றது. ரசிகர் கையில் அது இருந்தால் கம்பெனி கைவிட்ட பிறகும் ஆட்டம் நடக்கும். கம்பெனியின் கையில் மட்டும் இருந்தால் கம்பெனியின் விருப்பமே விதி. லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டு முறையிட்டார்கள். பயன் இல்லை. ஆட்டமோ அருமையாக இருந்தது; எல்லாரும் வாங்கினார்கள்!

ஆண்டுகள் சென்றன. முதற் பாகம் புதுப் பொலிவுடன் மீண்டும் வெளியிடப்பட்டது. 2017இல் தனியாகவும் விற்பனைக்கு வந்தது. 2020இல் இரண்டாம் பாகத்துக்கும் புதுப் பொலிவு தந்தார்கள். ஆனால் தனியாள் ஆடும் கதைப்பகுதிக்கு மட்டும். பலர் கூடி ஆடும் பகுதியே ரசிகர்கள் ஏங்கிக் கிடந்தது, அது விடுபட்டது. பழைய பதிப்பிலோ ஆபத்து புகுந்தது. 2023 ஜூலையில், ஒருவர் கம்ப்யூட்டரிலிருந்து மற்றவர் கம்ப்யூட்டருக்குத் தானே தொற்றும் கிருமி மென்பொருள் அதில் பரவியதால் கம்பெனி சில காலம் அதை நிறுத்திவைக்க நேர்ந்தது.

இந்நிலையில் சில ரசிகர்கள் கூடி, புதுப் பொலிவு பெற்ற முதற் பாகத்தை மண்டபமாகக் கொண்டு, இரண்டாம் பாகத்தின் கூட்டாட்டத்தை அதில் மேடையேற்ற முனைந்தார்கள். 'எச்2எம்' என்று அதற்குப் பெயர். ஹைரைஸ், டெர்மினல், ரஸ்ட், ஃபவேலா போன்ற பழைய களங்களும், பழைய ஆயுதங்களும், ரசிகர்கள் தாமே நடத்தும் செர்வர்களும் அதில் இடம்பெற இருந்தன. ஊதியம் இல்லை. ஆட விரும்புபவர் முதற் பாகத்தின் புதுப் பதிப்பை ஆக்டிவிஷனிடமே விலைக்கு வாங்க வேண்டும். வெளியீட்டு நாள் 2024 ஆகஸ்ட் 16 என்று ஊரறிய அறிவித்தார்கள். அதே நாட்களில் அப்பதிப்பு தள்ளுபடி விலையில் கிடைத்தது. மக்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். ஏழாண்டுப் பழைய சரக்கு ஸ்டீமின் விற்பனை வரிசையில் மேலே ஏறியது.

நம் நாட்டில் கொடியேற்றி மிட்டாய் வழங்கிய 15ஆம் தேதி, வெளியீட்டுக்கு முதல் நாள், ஆக்டிவிஷனின் பெயரால் வக்கீல் நோட்டீஸ் வந்தது. குழுவினர் எதிர்த்து நிற்கவில்லை. நிற்க வழியும் இல்லை. உத்தரவுக்குப் பணிந்து அனைத்தையும் நிரந்தரமாக நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். இம்மோட்டுக்காகவே பழைய விளையாட்டை வாங்கியவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டு ஸ்டீமின் வாசலில் நின்றார்கள்.

கம்பெனியின் பக்கத்து நியாயத்தையும் கேட்போம். களங்களும், உருவங்களும், பெயரும் அதனுடையவை. சட்டம் அதன் பக்கம். இன்னொரு காரணத்தையும் நாம் ஊகிக்கிறோம். 2023 நவம்பரில் வெளியிட்ட புதிய விளையாட்டில், 2009ஆம் ஆண்டு இரண்டாம் பாகத்தின் களங்கள் 16ஐயும் கம்பெனியே புதுப்பித்துச் சேர்த்திருந்தது. தன் கடையில் விலைக்கு வைத்த பட்சணத்தையே எதிர்த் திண்ணையில் ஒருவர் இலவசமாக வழங்கினால் எந்தக் கடைக்காரருக்குப் பொறுக்கும்? இவ்வளவும் ஒப்புக்கொள்ளத் தக்கதே.

ஒப்புக்கொள்ள முடியாதது, நோட்டீஸ் வந்த வேளை. கூடாது என்பதை முதல் மாதமே சொல்லியிருந்தால் அவ்வாலிபர்கள் வேறு வேலை பார்த்திருப்பார்கள். வாடகை வீட்டுக் கொல்லையில் குடியிருப்பவர் கறிவேப்பிலைக் கன்று நடும்போது வாய்திறவாமல் இருந்துவிட்டு, அது தழைத்து நிற்கும் நாளில் வெட்டச் சொல்லும் வீட்டுக்காரரை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். வீடு அவருடையதுதான். ஆனாலும் அக்குடித்தனக்காரர் மறுபடி ஒரு கன்று நடுவாரா?

இதில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. ஆக்டிவிஷன் கம்பெனி பிறந்ததே உழைத்தவனின் பெயருக்காகத்தான். 1970களில் அடாரி கம்பெனியில் விளையாட்டு அமைத்த நிபுணர்களுக்கு, அவர்கள் படைப்பின் பெட்டிமீது பெயர் போடும் வழக்கம் இல்லை. வருமானம் கோடிக்கணக்கில் குவிந்தும் அவர்களுக்குச் சம்பளம் மட்டுமே. பெயரும் பங்கும் கேட்டார்கள், மறுக்கப்பட்டது. டேவிட் கிரேன், ஆலன் மில்லர் முதலிய நால்வர் வெளியேறி, ஜிம் லெவி என்பவரோடு சேர்ந்து 1979இல் ஆக்டிவிஷனைத் தொடங்கினர். ஆடும் கருவி அடாரியினுடையது. அதில் ஓடும் விளையாட்டு இவர்களுடையது. பிறர் மண்டபத்தில் தங்கள் நாடகம்! அடாரி வழக்குத் தொடுத்தது. 1982இல் அது சமரசத்தில் முடிந்தது. விளையாட்டுப் பெட்டியில் அமைத்தவர் பெயரை அச்சிடும் மரபை உண்டாக்கியவர்கள் இவர்களே. 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் இக்கம்பெனியை விலைக்கு வாங்கியது. 1979இன் மனிதர்கள் போய் நெடுங்காலம் ஆகிவிட்டது.

நம் இல்லத்துப் பிள்ளைகளில் சிலர் ஆடுவதோடு நில்லாமல் அமைக்கவும் தொடங்குவார்கள், தொடங்கியும் இருக்கிறார்கள். சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பிள்ளை, பொறியியல் கல்லூரியில் பின்னால் படிக்கப்போவதில் ஒரு பகுதியை முன்கூட்டியே கைப்பழக்கத்தால் கற்றுவிடுகிறான். அவனைத் தடுக்காதீர்கள். ஆனால் தொடங்குமுன் இரண்டைக் கேட்கச் சொல்லுங்கள். அமைக்கும் கருவியை உடைமைக்காரரே கொடுத்திருக்கிறாரா? விளையாட்டை நிறுவும்போது யாரும் படியாமல் 'சம்மதம்' என்று அழுத்தும் அந்த நீண்ட ஒப்பந்தத்தில் ரசிகர் படைப்பைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? ஆறு மாத இரவுகளைச் செலவிடப் போகிறவன் ஒரு மாலைப் பொழுதை அதைப் படிப்பதில் செலவிடுவது வீணன்று. பெயர், உருவம், களம் யாவும் சொந்தமாக இருக்குமானால் மண்டபம் மூடப்பட்டாலும் நாடகத்தை வேறிடத்துக்கு எடுத்துச் செல்லலாம். பிறர் கதையை அப்படியே நடித்தால் எடுத்துச் செல்ல ஒன்றும் மிஞ்சாது. எச்2எம் குழுவினருக்கு நேர்ந்தது அதுவே.

டீம் ஃபோர்ட்ரஸை நினைவில் வைத்திருக்கச் சொன்னோம். மூன்று ஆஸ்திரேலிய வாலிபர்கள் ஓய்வு நேரத்தில் அமைத்த அம்மோட்டிலிருந்து வளர்ந்ததே டீம் ஃபோர்ட்ரஸ் 2. அதை ஆட்டும் விதிகளின் மென்பொருள் வரிகள் முழுவதையும், செர்வர் பகுதி உட்பட, 2025 பிப்ரவரியில் வால்வ் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம். மாற்றியதை ஸ்டீமிலேயே வெளியிடலாம். காசுக்கு விற்கக்கூடாது என்பதே நிபந்தனை. கருவிகளுக்கு விலை இல்லை; ஓரளவு நல்ல கம்ப்யூட்டரும், கோடை விடுமுறையும் இருந்தால் போதும்.